பேர் வச்ச மத்தியானம்

இல்லக்கா, புரியுது. போட்டோ தனி, அது எங்க எடுத்ததுங்கற விவரம் தனி. ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்த ஒரே கயிறு பேருதான். போட்டோவுக்கு என்ன பேரோ அதே பேருல ஒரு குட்டி ஃபைல். அந்தக் கயிறு அறுந்துபோச்சு. எங்க கம்ப்யூட்டரச் சரிபண்ணிக் குடுக்க வந்ததுலேர்ந்து இதையேதான் விதவிதமாச் சொல்றீங்க. முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டா என்னவாம்? சரி சரி, வேணாம். அம்மா அடுத்த ரூம்ல தோர்த்தியா ரொட்டி சுட்டுட்டு இருக்காங்க, காதுல விழுந்திரும்.

பால்தசார் சாரத் திட்டாதீங்க. நல்ல மனுசன், காணாமப்போன புள்ளைங்களத் தேடி மண்ணத் தோண்டற எங்க அம்மாக்களுக்குக் கம்ப்யூட்டர் வேலயெல்லாம் பாத்துக் குடுக்கறவரு. மூக்காலயே பேசுவாரு, இந்தா கேளுங்க: அம்மணிகளே, நீங்க எடுக்கற போட்டோவ ஊரே பாக்கட்டும், சட்டையோ பெல்ட்டோ யாராச்சும் அடையாளம் கண்டுக்கட்டும், ஆனா எங்க எடுத்ததுன்னு போட்டோவுக்குள்ளயே இருந்துச்சுன்னா பொதச்சவனும் பாப்பான்ல, ராத்திரியே வந்து மிச்சத்த அள்ளிட்டுப் போயிருவான்ல? எப்டி? அவரே வந்து பேசற மாதிரி இல்ல? அவரு சொன்னதும் நெசம். காபோர்க்கா பக்கம் ஒரு தடவ அப்டித்தான், திரும்பிப் போனா வெறும் குழி. அதனாலதான் எடம், தேதி, நேரம் எல்லாத்தையும் போட்டோவுக்குள்ளருந்து உருவி வெளிய வச்சாரு.

போனுக்குள்ளயும் ஒரு காப்பி விட்டு வச்சிருக்கலாம்தான். வழியில வண்டிய மறிக்கிறவன் போலீசா, போலீஸ் சட்ட போட்டவனான்னு இங்க யாருக்குக்கா தெரியும்? போன வாங்கிப் பாப்பானுங்க. அதுக்குப் பயந்து சனிக்கிழம சனிக்கிழம வீடு வர்றதுக்குள்ள போன்ல இருக்கறத அழிச்சிருவாரு.

சிரிக்காதீங்க, இப்ப என் குரல்ல தோன்யா எர்மிலா வரப்போறாங்க. இது அவங்க கடைதான், கூட்டத்துக்கே தலைவி. கம்பிய மண்ணுல அடிச்சு எறக்கி, உருவி, நுனிய மோந்து பாத்து, கீழ ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லிருவாங்க. தொண்ட கரகரன்னு இருக்கும். ஏண்டி, போட்டோவுக்கு இதென்னடி நம்பரு? நானூத்திப் பதினேழாம்? பேரில்லாம மண்ணுக்குள்ள கெடந்தவனுக்கு நம்ம கையாலயும் நம்பர் குத்தணுமா? அரசு வக்கீல் ஆபீஸ்காரன் குத்தறது பத்தாதா?

அவ்ளோதான். அன்னிக்கு மத்தியானம் எல்லா அம்மாவும் இந்தக் கம்ப்யூட்டரச் சுத்தி உக்காந்து, ஒவ்வொரு போட்டோவா தெறந்து, நம்பர அழிச்சுட்டு பேர் வச்சாங்க. எலும்பக் கூட எலும்புன்னு சொல்ல மாட்டாங்கக்கா, பொக்கிஷம்னுதான் சொல்லுவாங்க. அவங்களா நம்பர விட்டு வைப்பாங்க? நா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காப்பி வாசம், ஒரே சிரிப்பு. நீலச்சட்ட ராசா. கண்ணாடிக்காரன். அம்மாவோட ஒல்லிக்குச்சி. இதுக்குக் குட்டிப் பட்டன்னு வைடி, இல்ல இல்ல, என் சின்னப் பட்டன்னு வை. ஞானஸ்நானத்துக்கு வந்தவங்க மாதிரி இருந்தாங்க. எங்கம்மா அவ்ளோ சத்தமா சிரிச்சு நா ரொம்ப நாளாப் பாத்ததில்ல. ஓரமா இருந்த குட்டி ஃபைலயெல்லாம் யாரும் தொடவேயில்ல. அதெல்லாம் சமத்தா பழைய நம்பரோடயே இருந்துச்சு.

மறுநா பால்தசார் சார் வந்து தெறந்தாரு. எந்த நம்பருக்கு எந்தப் பேர் வச்சீங்கன்னு ஒவ்வொரு அம்மாவாக் கேட்டுப் பாத்தாரு, யாருக்கும் ஞாபகமில்ல.

தேதியா? அதான் பாத்தீங்களே, எல்லாத்துலயும் ஒரே தேதி, எல்லாத்தையும் மொத்தமாப் பெண்டிரைவ்ல காப்பி பண்ணின தேதி. மல தெரியுதா, தண்ணித்தொட்டி தெரியுதான்னு பாத்து நீங்க அஞ்சாறு போட்டோவ எடத்தோட சேத்தீங்க, அதுக்கே தோன்யா எர்மிலா உங்க கையப் புடிச்சு முத்தம் குடுத்தாங்க. மிச்சமெல்லாம் மண்ணும் முள்ளுந்தான். இந்தச் சோனோரா பூராவும் மண்ணும் முள்ளுந்தான். எடம் எண்ணூத்துச் சொச்சம் இருக்கு, போட்டோவும் எண்ணூத்துச் சொச்சம் இருக்கு, எது எதோடன்னு மட்டும் தெரியாது.

அரசு வக்கீல் ஆபீஸ்ல போய்க் கேட்டோம். அவன் இப்டித்தான், ஏசி ரூம்ல சளி புடிச்ச குரல்: அம்மணி, எடம் இல்லாத போட்டோ வெறும் போட்டோதான், எலும்பா இருந்தாலாச்சும் பாக்கலாம், ஒத்தச் செருப்புக்கெல்லாம் வண்டி அனுப்ப முடியுமா? நாங்க எதையும் தொடக் கூடாதாம். போட்டோ எடுத்துட்டு அங்கயே விட்டுட்டு வரணுமாம். விட்டுட்டுத்தான் வந்தோம். எல்லாம் அங்கயே கெடக்கு.

எல்லா எடத்துக்கும் திரும்பப் போறதா? வாரத்துக்கு ஒரு தடவதான் காவலுக்கு ஆள் குடுப்பாங்க, அதுவும் அவங்களுக்குத் தோணினாத்தான். நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. நடுவுல ரெண்டு மழக்காலம் வேற போயிருச்சு.

பஸ்ஸுக்கு நேரமாச்சா? இருங்கக்கா, ஒரே ஒரு போட்டோ காட்டறேன். எறக்குங்க, இன்னும் கீழ. இதுதான். வெள்ள ஷூ, குப்புறக் கெடக்கு, அடிப்பக்கம் மட்டும் தெரியுது. இதுக்கு மட்டும் எடம் கண்டுபுடிக்க ஏதாச்சும் வழி இருக்கா? நெழல வச்சு? பின்னாடி இருக்கற அந்தக் கல்ல வச்சு? பெருசு பண்ணிப் பாருங்களேன். இல்லையா? சும்மா ஒப்புக்குப் பாக்காதீங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

சரி. விடுங்க.

இல்ல, வேற ஒண்ணுமில்ல. அந்த அடியில கீறல் மாதிரி இருக்குல்ல, அது கீறல் இல்லக்கா. மூஞ்சி. ரெண்டு கண்ணு, மீச, வெளிய நீட்டற நாக்கு. எங்கண்ணன், ஆதான்னு பேரு, அவன் தூங்கிட்டு இருந்தப்ப பிளேடால நாந்தான் செதுக்கினேன். அவன் நடக்கற எடமெல்லாம் மண்ணு எல்லாரையும் பாத்து நாக்க நீட்டணும்னு. அவன் கடைசி வரைக்கும் குனிஞ்சு பாக்கல. அம்மாவுக்கும் தெரியாது, சந்தையில எல்லாப் பையனும் வாங்கற ஷூதானே. அவங்க இன்னும் அவன் எல்லையத் தாண்டி அங்கிட்டு எங்கயோ வேல பாக்கறான், போன் தொலஞ்சு போச்சுன்னுதான் சொல்லிட்டுத் திரியறாங்க. நா போய் என்ன சொல்ல? ஒம்புள்ள கெடைச்சிட்டாம்மா, எங்கன்னுதான் தெரியலன்னா?

இந்தா வந்துட்டேம்மா! அக்கா கெளம்பறாங்க!

கீழ பேரப் பாத்தீங்களா? 'யார் பெத்த புள்ளையோ'ன்னு இருக்கு. எங்கம்மா வச்ச பேருக்கா அது. நீங்க கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் புதுசா நம்பர் போடறேன்னீங்கல்ல, போடுங்க. இதுக்கு மட்டும் வேணாம். எங்கம்மா அதத் தெனமும் ஒரு தடவ தெறந்து வச்சு, யாரோ ஒரு அம்மாவுக்காக ஜெபம் பண்றாங்க.