ஜிமாவின் இன்னொரு பாதி

"ராத்திரி எட்டரை மணி. பொம்மசந்திராவுல, ஓசூர் ரோட்ட விட்டு உள்ள தள்ளி ஒரு தெரு. ரெண்டு பக்கமும் ஃபேக்டரி. அன்னிக்கு ஆயுத பூஜை. எல்லாக் கேட்டும் பூட்டு. எல்லாக் கேட்லயும் வாழக்கன்னு. ஒரு ஆள் இல்ல... ஒரு நாய் கூட இல்ல..."

கிஷோர் இப்படித்தான் ஆரம்பித்தான். ஈஜிபுராவில் அவன் வீட்டில் மழைக்குக் கரண்ட் போயிருந்தது. மொபைல் டார்ச்சைச் சொம்புக்குள் போட்டுவிட்டு நண்பர்கள் மூவரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டியிருந்தார்கள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. எங்கோ 'டொப்... டொப்...' என்று ஒரு சத்தம். மேல்வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள் போலும்.

"யாருக்குடா நடந்துச்சு? ஃப்ரெண்டோட ஃப்ரெண்டுக்கா?" என்று டிரேவர் சிரித்தான்.

"எங்க பெரியம்மா பையனுக்கு. கவியரசன் அண்ணனுக்கு. மெதுவாச் சிரி. உள்ள தூங்குறாங்க."

வைஷ்ணவி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். கிஷோர் சொன்னது இதுதான்.

அந்தத் தெருவில் கவியரசன் பைக்கை மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். காலையில் உடைத்த பூசணிக்காய்கள் சாலை முழுக்கக் கிடந்தன. பகலெல்லாம் லாரிகள் ஏறி ஏறி எல்லாம் கூழ். வெள்ளைச் சதை, விதை, குங்குமம். வெயிலில் புளித்து, மழையில் ஊறி... டயருக்கு அடியில் சதக்... சதக்... என்றது. ஒரு துண்டு தெறித்து அவன் கணுக்காலில் ஒட்டியது. உதறினான். போகவில்லை. விரலால் வழித்து எறிந்தான். குளிர்ந்த, வழுவழுத்த ஒரு சதை. விரலை ஜீன்ஸில் தேய்த்துக்கொண்டே ஓட்டினான்.

அவன் திரும்பி வந்த காரணம் ஒரு விளக்கு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. பட்டறையில் வண்டிக்கு முன்னால் ஏற்றிய விளக்கை யார் அணைத்தது? பட்டறையில் கூட வேலை செய்கிற ஓஸ்வால்டுக்கு போன் போட்டான்.

"அண்ணே, வெளக்க அணைச்சீங்களா?"

"நான் எங்கப்பா அணைச்சேன்? வடையத் தின்னேன், ஆஸ்டின் டவுன் பஸ்ஸப் புடிச்சேன். பூஜைக்காரன் நீதான?"

விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று விட முடியாது. வண்டி இரும்பு அல்ல. களிமண்.

கார் கம்பெனிகளுக்கு மாதிரி செய்து கொடுக்கிற பட்டறை அது. மரச்சட்டம் கட்டி, அதன்மேல் நுரைப்பலகை ஒட்டி, அதற்குமேல் களிமண் பூசிச் செதுக்குவார்கள். குயவரின் களிமண் அல்ல. மெழுகும் எண்ணெயும் கலந்தது. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. அடுப்பில் வைத்துச் சூடாக்கினால்தான் இளகும். சூடாகும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். விளக்குச் சூடு பட்டால் முன்பக்கம் தொய்ந்துவிடும். ஐந்து மாத உழைப்பு போய்விடும்.

அது கவியரசனின் வண்டி. அவன் மூன்று வருடங்களாக இல்லாத கார்களை வரைந்துகொண்டிருந்தான். சோவியத் யூனியன் உடையாமலே இருந்திருந்தால் அங்கே என்ன மாதிரி கார்கள் வந்திருக்கும்? பகலில் ஸ்கூட்டர் மட்கார்டு வரைவான். இரவில் அந்த நடக்காத வரலாற்றுக்குள் போய்விடுவான். வரைந்ததை இன்ஸ்டாகிராமில் போடுவான். ஒவ்வொரு காருக்கும் கீழே ஒரு சின்னக் கதை. எந்தத் தொழிற்சாலை, எந்த வருடம், யார் வாங்கினார்கள்... சொந்தக்காரர் இல்லாத காரை யாரும் நம்பமாட்டார்கள் என்பான்.

அவற்றில் ஒன்றுதான் ஜிமா. ரஷ்ய மொழியில் குளிர்காலம். இரண்டாயிரத்து ஆறில் வந்ததாக அவன் கற்பனை. நீளமான, தாழ்ந்த, சாம்பல் நிறக் குடும்பக் கார். அதற்கு அவன் எழுதிய கதை கொஞ்சம் கொடூரமானது. வேரா என்கிற அம்மாவும், லேனா, மீஷா என்ற இரண்டு பிள்ளைகளும் உறைந்த ஏரியின் மேல் ஜிமாவில் போகிறார்கள். பனி உடைகிறது. வசந்தத்தில் வண்டியை மேலே இழுக்கிறார்கள். பின்சீட்டில் மூன்று பேர் ஊறிப்போய்...

இன்ஸ்டாகிராமில் அந்தப் படம் ஓடு ஓடு என்று ஓடியது. ஒரே ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். 'மூவரும் பின்சீட்டில். சரி, வண்டியை ஓட்டியது யார்?' கவியரசன் அதை யோசிக்கவே இல்லை. பதிலும் போடவில்லை.

அதைப் பார்த்துத்தான் ஒரு வீடியோ கேம் கம்பெனி தேடி வந்தது. உடையாத சோவியத்தில் நடக்கிற விளையாட்டு. அதற்கு ஜிமா வேண்டும். முழு அளவில் களிமண்ணில் செய்து காட்டுங்கள், பிடித்தால் மீதிப் பன்னிரண்டு கார்களும் உங்களுக்கே என்றார்கள். பட்டறை முதலாளி பரத் கவியரசனைக் கூப்பிட்டு, "இது ஓகே ஆச்சுன்னா டிசைன் முழுக்க உன் கையில. ஆகலைன்னா பழையபடி மட்கார்டுதான், குரு," என்று சொல்லிவிட்டார். விஜயதசமி கழிந்த மறுநாள் அவர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அவசரமென்றால் முழு வண்டியைச் செய்யமாட்டார்கள். நீளவாக்கில் பாதி. அந்தப் பாதியை வண்டி நீளத்துக்கு ஒரு பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி நிறுத்துவார்கள். முன்னால் நின்று பார்த்தால் முழு வண்டி தெரியும். ஜிமாவுக்கும் அப்படித்தான். வலது பாதி களிமண். இடது பாதி, ரஷ்யாவில் ஸ்டீயரிங் இருக்கிற பாதி, கண்ணாடிக்குள்.

காலையில் அர்ச்சகர் வந்தார். வரிசையாகப் பல பட்டறைகள் பாக்கி, அவருக்கு அவசரம். பரத் கேட்டில் போன் பேசிக்கொண்டிருந்தார். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார் அர்ச்சகர். கவியரசன் இரண்டு வைத்தான். கண்ணாடியில் நான்காயிற்று.

"போதும் விடு. அந்தப் பக்கத்துக்கு அதுவே வச்சுக்கும்," என்றார் ஓஸ்வால்டு.

"யார ஹெஸரிகெ மாட்லி?" என்று கேட்டார் அர்ச்சகர். யார் பெயருக்குச் செய்வது? வண்டி பூஜை என்றால் சொந்தக்காரர் பெயர், நட்சத்திரம் சொல்லியாக வேண்டும்.

கம்பெனி பெயரைச் சொல்லியிருக்கலாம். ஓஸ்வால்டு கண்ணடித்தார். "உன் வண்டிதான? ஓனரம்மா பேரச் சொல்லேன்."

"வேரா," என்றான் கவியரசன். "ரேவதி நட்சத்திரம். லேனா, மீஷா."

அர்ச்சகர் புருவம்கூட உயர்த்தவில்லை. பெங்களூரில் எந்தப் பெயர்தான் இல்லை? மூன்று பெயரையும் சேர்த்து, குடும்ப சகிதமாக க்ஷேமமாயிருக்க வேண்டுமென்று மந்திரம் சொன்னார். ஓஸ்வால்டு துண்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்.

"காடி ஓடிஸோரு யாரு?" என்று கடைசியாக ஒரு கேள்வி. வண்டியை ஓட்டப் போவது யார்?

கவியரசன் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். "நான்தான் சாமி."

அர்ச்சகர் அவன் நெற்றியில் குங்குமம் வைத்தார்.

இதெல்லாம் காலையில். இப்போது இரவு... அவன் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனான். விளக்கு எப்போதோ அணைந்திருந்தது. திரி குளிர்ந்து கிடந்தது. அப்பாடா என்று மூச்சை இழுத்தான்.

இழுத்த மூச்சோடு அது மூக்கில் ஏறியது.

நாற்றம். களிமண்ணின் முட்டை நாற்றம் அல்ல. டிபன்பாக்ஸில் போட்டு மறந்துபோன மீன்... அதோடு நனைந்து காயாத கம்பளி. அவன் கையால் மூக்கைப் பொத்தினான். கையிலும் அதே நாற்றம்.

லைட்டைப் போட்டான். வண்டி வைத்த இடத்தில் இருந்தது. முன்சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம், வைத்தது வைத்தபடி, முழுசாக. கண்ணாடிக்குள் பார்த்தான்.

கண்ணாடிக்குள் இருந்த பழம் நசுங்கியிருந்தது.

தோல் பிளந்து, சாறு தரையில் ஓடி, விதைகள் சிதறி... பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தான். அங்கேயும் இந்தப் பக்கம் முழுசு, அந்தப் பக்கம் கூழ். இந்தப் பாதி அசையவில்லை. அந்தப் பாதி எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறது.

சொட்... சொட்...

முன்பக்கம் வந்தான். களிமண்ணும் கண்ணாடியும் சேர்கிற இடத்தில், முன்கண்ணாடிக்குக் கீழே, தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தண்ணீரே இல்லாத களிமண்ணிலிருந்து. கை பழகிய வேலை, யோசிக்கவில்லை. வளையக் கத்தியை எடுத்து அந்த இடத்தைச் சுரண்டினான். சுருள் சுருளாக வர வேண்டிய களிமண் கொழகொழவென்று வந்தது. அதோடு ஒரு முடி.

ஓஸ்வால்டு அண்ணன் முடியாக இருக்கும் என்று இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. செம்பட்டை முடி, முழங்கை நீளம். ஒன்று அல்ல, கற்றை. அதில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. ஆறிய பாலில் படிகிற ஆடை போல. விரலில் அது சுருண்டு ஒட்டியது. தோல்... ஊறிய தோல். அப்படியே குனிந்து, பூஜையில் தின்ற பொரிகடலையைத் தரையில் கக்கினான். கக்கும்போதும் கையிலிருந்த முடியை விடவில்லை.

அப்போது முடியின் மறுமுனை மெல்ல அவனை இழுத்தது.

நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடிக்குள் இருந்த முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளே காற்றே இல்லாத, மரமும் நுரையும் அடைத்த வண்டி. அந்த ஆவியை உள்ளிருந்து ஒரு சின்னக் கை துடைத்தது. இப்படி... ஒரு வட்டமாக.

துடைத்த வட்டத்துக்குள் பின்சீட்டு. ஒரு பிள்ளை. முகம் இட்லிமாவு பொங்கின மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் அம்மா. அவளுக்குப் பாதி முகம்தான். சரியாக மூக்கோடு, கண்ணாடி முடிகிற கோட்டில் நின்றுவிட்டது. மீதிப் பாதி முகமும் இன்னொரு பிள்ளையும் இந்தப் பக்கம், களிமண்ணுக்குள், அவன் கைக்கு அடியில்.

டிரைவர் சீட்டு காலி. ஸ்டீயரிங்கில் குங்குமம். புதுசு.

அவள் கோபமாக இல்லை. அதுதான் கொடுமை. பஸ் ஸ்டாப்பில் காத்து உட்கார்ந்திருப்பவள் போல, இருந்த ஒரே கண்ணால் அவனைப் பார்த்தாள். பிறகு அந்த சீட்டைப் பார்த்தாள்.

சுவரில் களிமண் அறுக்கும் கம்பி தொங்கியது. கவியரசன் அதை எடுத்தான். இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டான். நாலு இழுப்பு. நாலே இழுப்பில் ஜிமா துண்டு துண்டாகிவிடும், கண்ணாடியில் பிரதிபலிக்க ஒன்றும் இருக்காது. கம்பியை பானெட்டின்மேல் வைத்தான். அந்த வளைவைப் பார்த்தான். மூன்று வருடம் வரைந்த வளைவு. அவன் வரைந்ததில் காகிதத்தை விட்டு வெளியே வந்த ஒரே கார். இதை அறுத்தால் நாளைக்கு மட்கார்டு. அடுத்த வருடமும் மட்கார்டு.

அவன் கம்பியைத் திரும்ப மாட்டினான்.

பிறகு அவன் செய்ததைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. அந்த முடியைச் சுருட்டி, கட்டைவிரலால் ஓட்டைக்குள்ளேயே திணித்தான். உள்ளே மெத்தென்று எதுவோ தட்டுப்பட்டது. அதையும் சேர்த்து அழுத்தினான். அடுப்பைப் போட்டுச் சூடாக்கிய களிமண்ணை எடுத்து மேலே அப்பினான். வழித்தான். மெருகேற்றினான். "பார்த்துட்டுப் போற வரைக்கும்தான... கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்று முணுமுணுத்தான். தன் வாந்தியைத் தானே துடைத்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டினான்.

சொன்ன நாளில் கேம் கம்பெனியிலிருந்து அதிதி என்றொரு மேடம் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எவ்ளோ உயிரோட இருக்கு!" என்று வாய்விட்டுச் சொன்னார். பன்னிரண்டு காரும் இவர்களுக்கே. பரத் ஸ்வீட் வாங்கிக்கொடுத்தார். கவியரசன் மைசூர்பாக்கை வாய்வரை கொண்டுபோனான். கையில் அந்த நாற்றம். அப்படியே வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் கையால் எடுத்துச் சாப்பிடுவதில்லை, ஸ்பூன்தான். தோல் உரிகிற அளவுக்கு சோப்புப் போட்டுத் தேய்க்கிறான். ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்குகிறான். தூக்கத்தில் வலது கால் மட்டும் அசைகிறது. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை ஓங்கி மிதிக்கிறான். திரும்பத் திரும்ப. பிரேக் பிடிக்காத வண்டியில் பிரேக்கை மிதிப்பதுபோல. விடிந்து பார்த்தால் பாய் நனைந்திருக்கும்.

கிஷோர் நிறுத்தினான். மழையும் நின்றிருந்தது.

"சும்மா பயமுறுத்தாதப்பா," என்றாள் வைஷ்ணவி. "அவர் பாய் நனைஞ்சதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? இப்ப எங்க இருக்காரு?"

கிஷோர் உள்ளறைக் கதவைப் பார்த்தான்.

டொப்... டொப்... டொப்...

மேல்வீட்டுச் சத்தம் அல்ல அது. கரண்ட் போனதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த சத்தம். டிரேவரின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. மூவரும் அசையாமல் கேட்டார்கள்.

டொப்... டொப்...

நின்றது.

"நின்னுடுச்சு," என்று டிரேவர் மூச்சு விட்டான். "தூங்கிட்டாரு போல."

"இல்லடா..." என்றான் கிஷோர். "விடியறதுக்கு முன்னாடி இதுவர ஒரு நாள் கூட நின்னதில்ல."

போர்வைக்குள் வைஷ்ணவியின் குதிகாலில் ஏதோ சில்லென்று பட்டது. அவள் போர்வையை விலக்கினாள். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்லப் பரவி வந்துகொண்டிருந்தது. மீன் நாற்றம். சொம்பு வெளிச்சத்தில் அந்தத் தண்ணீரின்மேல் சின்னதாக, வெள்ளையாக ஒன்று மிதந்து வந்து அவள் காலில் ஒட்டியது.

எலுமிச்சை விதை.