எஃப் வராத தையல்காரர்

"ஹலோ... மாஸ்டர், நான்தான்... ஆமா, டெய்லர்... இல்ல இல்ல, உங்க பேன்ட் ரெடியாத்தான் இருக்கு. இது கிடார் விஷயம். மானம் போற விஷயம்."

மனைவியின் அலுவலகத்தில், பழைய ஃபைல்கள் அடுக்கிய அறைக்குள் கிடாரோடு கதவைச் சாத்திக்கொண்டு நின்றார் தையல்காரர். முப்பது வருஷ வேலை முடிந்து இன்று அவளுக்குப் பிரிவு உபசார விழா. அவள் பாட, இவர் வாசிக்க, இன்னும் கால் மணி நேரம்தான்.

"மெதுவாத்தான் பேசணும்... காலையில ஒத்திகை பார்த்தோம். ரெண்டு வரி பாடினா, நிறுத்திட்டா. 'யாரு செத்துட்டா?'ன்னு கேட்டா... சிரிக்காதீங்க மாஸ்டர். இப்படித்தான் வாசிப்பேன்னா மேடைக்கே வராதேன்னுட்டா... ஆமா... ஆமா, ஜாலியான பாட்டுதான்...

எந்தக் கார்டு, எந்த ஸ்வரக்கூட்டு பிடிச்சேனா? ஏ மைனர், டி மைனர், ஈ மைனர்... அவ்வளவுதான்... வேற எதுவும் இல்ல... மூணுமே சோகக் கார்டா?... ஏன் கத்துறீங்க?"

மறுமுனையில் கிடார் மாஸ்டர் போட்ட சத்தத்தில் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

"நீங்கதானே சொன்னீங்க. எஃப் பிடிக்க ஒத்தை விரலால ஆறு கம்பியையும் அமுக்கணும், என் விரல் கேக்கலைன்னதும், 'அப்ப டி மைனர் பிடிங்க, எஃப்புக்கு நெருங்கின சொந்தம், மூணு ஸ்வரத்துல ரெண்டு ஒண்ணுதான்'னு... ஆமா... நான் யோசிச்சேன், எஃப்புக்கு ஒரு சொந்தம் இருந்தா சி-க்கும் ஜி-க்கும் இருக்காதா... இருந்துச்சே. சி-க்கு ஏ மைனர், ஜி-க்கு ஈ மைனர். மூணும் சுலபமா விரலுக்கு வந்துச்சு... சரி, சரி, புத்தி கெட்டுப்போச்சு... ஆமா, பொண்ணு மாப்பிள்ளை வராம சொந்தக்காரங்க மட்டும் வந்தா அது கல்யாணமில்லதான்... திட்டினது போதும், வழி சொல்லுங்க.

சி-யை சி-யாவே... ஜி-யை ஜி-யாவே... எஃப்புக்கு மட்டும் டி மைனர்... இருங்க, போனை ரேக்குல வைக்கிறேன்."

வாசித்தார். பாட்டு முகம் மலர்ந்து எழுந்து நின்றது. அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"கேட்டுச்சா?... பிழைச்சேன் மாஸ்டர்... இருங்க, அவளே வந்துட்டா.

வாம்மா, சரியாயிடுச்சு, கேட்டியா... என்ன?... காலையில வாசிச்ச மாதிரியேவா?... நீதானே வேண்டாம்னே... ஓ... ஓ, அவரா...

மாஸ்டர், இருக்கீங்களா? எட்டு வருஷமா இவ பிரமோஷன் ஃபைலை அமுக்கி வச்ச மேனேஜர் முன் வரிசையில சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம். அழாம அவர் வீட்டுக்குப் போகக் கூடாதாம்... ஆமா, மூணு மைனரும்தான்... வைக்கிறேன், ரெண்டு கையும் வேணும்."