மூன்றாம் மாடிக் கதவு

முட்டி வலிக்கிறது இன்ஸ்பெக்டர் சார், உட்கார்ந்தே சொல்கிறேன். இருபது வருடம் கொத்தனார் வேலை. பிறகு அந்த அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு. படி ஏறி இறங்கியே முட்டி தேய்ந்துவிட்டது.

கட்டடம் சுமார் என்றால் வாடகைக்கு வருகிற கம்பெனி பதினோரு மாதத்துக்குத்தான் கையெழுத்துப் போடும். உறுதியானது என்று நம்பினால் பத்து வருடத்துக்குப் போடும். முதலாளிக்குத்தானே இந்தக் கவலை என்பீர்கள். என் தங்கை அங்கே பெருக்கித் துடைப்பவள். கம்பெனி காலி செய்யும் ஒவ்வொரு தடவையும் அவள் வேலை போகும். புருஷன் இல்லை. ஒரு பெண் பிள்ளை.

"பத்து வருஷம் ஒரே இடத்துல வேலை கிடைச்சாப் போதும்ண்ணா. அதுக்குள்ள இவ படிச்சு முடிச்சிடுவா" என்பாள்.

பெரிய கம்பெனி ஒன்று மூன்றாம் மாடியைக் கேட்டு வந்தது. அவர்களுடைய இன்ஜினியர் தூண்களைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார் என்று தெரியும். கீழ்த்தளத்து நடுத்தூணில் கம்பி துருப்பிடித்துக் காரை உப்பியிருந்தது. தட்டினால் வெற்றுச் சத்தம் வரும். முதலாளி செய்யச் சொல்லவில்லை. நானாகத்தான் உப்பியதைக் கொத்தி எடுத்து, துருவின் மேலேயே கலவையை இறுக்கி அடைத்து, பூசி, பெயின்ட் அடித்தேன். இன்ஜினியர் தட்டினார். கெட்டியாகக் கேட்டது. பத்து வருடத்துக்குக் கையெழுத்தானது.

நான்காம் வருடம் ஒருநாள் தங்கை வந்தாள். "அண்ணா, எங்க ஆபீஸ் கதவு சிக்குது. உக்காந்தே இருந்து அதுக்கும் தொப்பை போட்டுடுச்சு போல."

போய்ப் பார்த்தேன். கதவின் நிலைச்சட்டம் கோணியிருந்தது. கீழே தூண் இறங்கினால்தான் அப்படிக் கோணும். சொன்னால் மறுநாளே காலி செய்வார்கள். இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தைச் சீவினேன். லேசாகச் சாத்த வந்தது.

"அண்ணன் கை பட்டா சரியாயிடும்" என்று துடைப்பத்தோடு உள்ளே போனாள்.

அதிலிருந்து பதினாறாம் நாள் காலை, அலுவலகம் திறக்குமுன் கட்டடம் இடிந்தது. நல்லவேளை, யாரும் வரவில்லை என்றார்கள். பெருக்க வந்தவள் ஒருத்திதான் உள்ளே இருந்தாள்.

அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் கதவைச் சீவிய அன்று அவளிடம் மட்டுமாவது இனி அங்கே வேலைக்குப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். தூணில் நான் செய்ததை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து விட்டுவிட்டேன்.

முதலாளிக்கு எதுவும் தெரியாது, அவரை விடுங்கள். தங்கை மகள் என் வீட்டில்தான் இருக்கிறாள். மாமா சாப்பிட்டாரா என்று கேட்காமல் தட்டில் கை வைப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் அவள் அம்மாவைத் திருப்பித் தர வேண்டிய கடன்காரன்.