அந்த ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை

கடையில் எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைக் காதருகே வைத்துக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது கிலுகிலுத்தால் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவேன். இதனாலேயே என் மனைவி ஆர்டிஸ் என்னோடு கடைக்கு வரக் கூச்சப்படுவாள். ஆனால் எங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் சாமான் என்று ஒன்றுகூட இல்லை சார்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். துப்பாக்கி மேல் மாட்டித் தூரத்தைப் பெரிதாக்கிக் குறிபார்க்கிற அந்த ஸ்கோப்பைப் பற்றிச் சொல்லாமல் கேலன் விஷயத்தை மட்டும் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும். யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது. வரும் வழியெல்லாம் லாரியில் பாடிக்கொண்டே வந்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் எங்கள் ஐயோவா மாநிலத்தில் மருந்துத் துப்பாக்கிக்காரர்களுக்கென்று ஒரு மான் வேட்டைப் பருவம் வரும். வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுட வேண்டும். ஒரு வெடிதான். தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் மான் அடுத்த பண்ணைக்குப் போய்விடும். அதன் உதையும் லேசுப்பட்டதில்லை, கழுதை உதைக்கிற மாதிரி இருக்கும். சாதாரண ஸ்கோப்புகள் அந்த உதையில்தான் சாகின்றன. உள்ளே இருக்கிற குறுக்குக்கோடு நகர்ந்துவிடும், இல்லையென்றால் எங்கோ ஒரு இடுக்கு விட்டு ஈரம் புகுந்து கண்ணாடியில் ஆவி படியும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே போதுமான இடைவெளி கொடுக்காத ஸ்கோப்பாக இருந்தால் பின்னால் வந்து புருவத்தைப் பிளந்துவிடும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் காலையில் உட்கார்ந்து பாருங்கள், புருவத்தில் பிறை மாதிரி தழும்போடு எத்தனை பேர் முட்டை தின்கிறார்கள் என்று தெரியும்.

ஐம்பது தாண்டிய கண்ணுக்குத் துப்பாக்கியின் முனைக் குறி மங்கலாகிவிட்டது. ஸ்கோப் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. நானோ பால் லாரி ஓட்டுகிறவன். துப்பாக்கியைவிட விலை கூடிய ஸ்கோப்பை வாங்கி அதன் தலையில் வைக்க எனக்கு மனசு வராது. விலை அடக்கமாக இருக்க வேண்டும், ஆனால் உதை தாங்க வேண்டும். அப்படி ஒன்று இந்த உலகத்தில் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தக் கோடைக்காலம் முழுவதும் நான் அதைத்தான் தேடினேன். காதலிக்கிற பையன் மாதிரி இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பால் பண்ணைகளில் குழாய் மாட்டிவிட்டு நிற்கிற நேரமெல்லாம் அதே நினைப்பு.

கடைசியில் ஒன்று கிடைத்தது. பார்வைக்கு ஒன்றும் இல்லை. கறுப்புக் குழாய், பெரிதுபடுத்தும் அளவை மாற்றுகிற வளையம்கூடக் கிடையாது. மாறுகிற பாகம் குறைந்தால் உடைகிற பாகமும் குறையும், இல்லையா? வீட்டுக்குக் கொண்டுவந்து உறைபெட்டியில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் வெந்நீர் நிரப்பி அதற்குள் அமுக்கினேன். எங்காவது ஓட்டை இருந்தால் குமிழி கிளம்பும். ஆர்டிஸும் பக்கத்தில் குனிந்து நிற்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆர்டிஸை அப்படியே தூக்கி அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் கையில் தோசைத்திருப்பி மாதிரி ஏதோ இருந்தது, அதாலேயே என் முதுகில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினேன். குறி பார்க்கும் திடலில் ஒரு தடவை சுட்டுவிட்டு, ஸ்கோப்பின் திருகுகளை மேலே, வலப்புறம், கீழே, இடப்புறம் என்று ஒரு கட்டம் சுற்றித் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து மறுபடி சுட்டேன். குண்டு முதல் துளையின் ஓரத்திலேயே போய் உட்கார்ந்தது. திடலில் நான் ஆடியதைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

கேலன் ஆர்டிஸின் அண்ணன். விதைச் சோளம் விற்கிறவன். விற்றவன் என்று சொல்ல வேண்டும். ஊரே அவனைக் கொண்டாடும். நானும்தான். முப்பது வருஷமாக ஒன்றாகத்தான் வேட்டைக்குப் போகிறோம். அவன் வைத்திருந்த ஸ்கோப்பின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கேலி பேசுவான், அவ்வளவுதான். பனி தள்ளும் இயந்திரம், காலணி, கல்யாண மோதிரம், எதை வாங்கினாலும் என்னைக் கேலி பேசாமல் அவனுக்குக் காப்பி இறங்காது. வேட்டைக்கு முதல் நாள் காலை சாப்பாட்டுக் கடையில் என் ஸ்கோப்பை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். கடை முழுக்க ஆட்கள்.

"மாப்ள, இதுக்குள்ள கண்ணாடிதான் இருக்கா, இல்ல சோடா பாட்டில் அடிய வெட்டி ஒட்டியிருக்கானா?"

நானும் சிரித்தேன். வெந்நீர்ச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். அது தப்பாகிவிட்டது. "குளிப்பாட்டினியா? தாலாட்டுப் பாடுனியா?" என்று கேட்டான். பரிமாறுகிற பெண் சிரிப்பு தாங்காமல் காப்பிக் குடுவையைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் ஸ்கோப்பை என் தட்டுக்குப் பக்கத்தில், பன்றிக்கறிக் கொழுப்பின் மேலேயே வைத்துச் சொன்னான்.

"இதுல பாத்தா மானுக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாது. பாத்து மாப்ள, நாளைக்கு என்னச் சுட்டுத் தொலச்சிடாத."

வீட்டுக்கு வந்து கொழுப்பைத் துடைத்தேன். கோபமெல்லாம் இல்லை. ஆனால் ஒருவர் ஒரு விஷயத்தை அத்தனை பேர் முன்னால் அடித்துச் சொல்லும்போது, அது சரியா தப்பா என்று பார்த்துவிடுவதுதானே நியாயம்?

மறுநாள் நல்ல வெளிச்சம். பனி மூடிய சோளத்தட்டைக் காட்டைப் பார்த்தபடி நான் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருக்கிற பள்ளத்தில் நடந்து மான்களை என் பக்கம் விரட்டிவிடுவது கேலன் பொறுப்பு. அவன் என்றைக்குமே பாதிக்கு மேல் நடக்க மாட்டான். சாயங்காலம் சூரியன் சரிகிற நேரம், தேவதாரு மரங்களுக்குக் கீழே பழுப்பாக ஏதோ அசைந்தது. ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். என்ன துல்லியம். அவன் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தான். குளிர் ஏறாமலிருக்க, மானில்லை மனிதன் என்று தெரிவதற்காக வேட்டைக்காரர்கள் மேலே போட வேண்டிய ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து அடியில் போட்டிருந்தான். அதன் ஓரம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மேலே பழுப்புக் கோட்டு, தலையில் அவனுடைய விதைக் கம்பெனித் தொப்பி. தொப்பியில் இருந்த எழுத்தை வாசித்தேன். ஆர்டிஸ் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழக் கேக்கை மெழுகுத்தாளிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தான். தாடியில் ஒட்டிய துணுக்குக்கூடத் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வித்தியாசம் தெரியாது என்றானே!

அவன் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தான். என்னைக் கண்டுகொண்டு கையை உயர்த்தி ஆட்டினான். சோம்பேறித்தனம் பிடிபட்டுவிட்டது என்று ஒரு அசட்டுச் சிரிப்பு. ஆட்டிய கை மார்புக்குக் குறுக்கே வந்துகொண்டிருந்ததால், அவன் அதைக் கீழே போடும்வரை காத்திருந்தேன்.

கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, பழுப்பு நிறம் அசைந்தது, மான் என்று நினைத்தேன் என்று அன்றைக்கு அங்கே வந்த உங்கள் போலீஸ் அதிகாரியிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அடக்கச் சாப்பாட்டின்போது உருளைக்கிழங்கு பதார்த்தத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்து மன்னித்தார்கள். பாஸ்டரும் மன்னித்தார். மன்னிப்பை நான் தாங்கிக்கொண்டேன் சார். ஆனால் அடுத்த வார்த்தை எல்லாருக்கும் ஒன்றுதான். "பாவம் நீ என்ன செய்வ வெர்லின், அந்த மட்டமான ஸ்கோப்பு பண்ணுன வேலை." கேலனுடைய பிள்ளைகள் ஊர் ஊராக எழுதிப் போட்டார்கள், யாரும் அதை வாங்காதீர்கள் என்று. கடைக்காரர் அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார். ஒரு தப்பும் செய்யாத பொருள்.

அதையும் பொறுத்தேன். இன்று காலை ஆர்டிஸ் சாப்பாட்டு மேசையில் ஒரு பெட்டியை வைத்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. திறந்தால், அண்ணன் வைத்திருந்த அதே விலையுயர்ந்த ஸ்கோப்.

"இனிமே நல்லதா வச்சுக்க வெர்லின். இன்னொரு குடும்பம் அழக் கூடாது," என்றாள்.

வெந்நீர்த் தொட்டியை என்னோடு குனிந்து பார்த்தவள் சார் அவள். ஒரு குமிழிகூட வரவில்லை என்று தன் கண்ணாலேயே பார்த்தவள். அவளே இப்படிச் சொன்ன பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது? கோட்டை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆவி படியவில்லை. வெளிச்சம் போதுமானதாக இருந்தது. அது மனிதன் என்று தெரியும், கேலன் என்று தெரியும், தெரிந்துதான் சுட்டேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு வெடிச் சத்தம் கேட்டது என்று சொல்லியிருக்கிறாரே, அதையும் திருத்திவிடுகிறேன். உதவிக்கு ஆள் கூப்பிடத்தான் இரண்டாவது வெடி என்று சொன்னது பொய். கேலன் பனியில் சரிந்து விழுந்ததும் நான் மருந்தை அளந்து கொட்டி, குண்டை இடித்து இறக்கி, நிதானமாக மறுபடி கெட்டித்தேன். அவ்வளவு உதைக்குப் பிறகு குறி நகர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டாமா? வேலிக் கம்பத்தில் இருந்த ஒரு மரக்கணுவைக் குறிவைத்துச் சுட்டேன். நட்ட நடுவில் போய்ப் பாய்ந்தது. நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. கம்பம் இன்னும் அங்கேதான் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் மேட்டிலிருந்து இறங்கி ஓடினேன். வழியில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன், சிரித்துக்கொண்டே எழுந்தேன். அவன் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது. அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, காதோரம் குனிந்து, "ஒரு நூல்கூட நகரல மச்சான்," என்று சொன்னேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் தலை லேசாகக் கீழே அசைந்தது. எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக நான் வாங்கிய ஒரு பொருளை அவன் ஒப்புக்கொண்டான்.