அண்ணன் இன்னிக்கு வரலையே

— கடை இன்னும் தொறக்கல தங்கச்சி. ஐஸ்கூட வந்து சேரல. தாகம்னா முன்னால கோப்பிக்கடை இருக்கு.

— நான் குடிக்க வரலண்ணே. இந்தப் பார்ல தண்ணி ஊத்துற காளிதாசன் நீங்கதானே?

— நான்தான். எந்த ஊரு?

— கரங்கான். பஸ்ஸு புடிச்சு செர்டாங்குக்கு வந்திருக்கேன். இங்க வர்ற ஒரு ஆளைப் பத்திக் கேக்கணும்.

— அதுக்கு நான் சரிப்பட மாட்டேன்லா. முன்ன சுங்கைப் பட்டாணி பார்ல தேவன்னு ஒருத்தன் இருந்தான், அவன்கிட்டக் கேட்டிருக்கணும். எவன் எவ்வளவு குடிச்சான், குடிச்சிட்டு எங்க போனான், எல்லாத்தையும் கதையா சொல்லுவான். அதக் கேக்கவே கூட்டம் வரும். கடைசில அவன் சொன்ன கதையில ஒருத்தன் குடும்பம் ரெண்டாப் போச்சு. தேவன் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டே ஓடிட்டான்.

— எல்லாரும் அப்படியா?

— எங்க! கூலிம்ல உமாராணின்னு ஒரு அக்கா இருக்கு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகக் காலுக்குச் சப்பாத்து வாங்குனியாடான்னு திட்டிட்டுத்தான் பாட்டில் மூடியவே தொறக்கும். அந்தத் திட்டு வாங்கவே ஆம்பளைங்க போவாங்க.

— நீங்க எந்த ரகம்ணே?

— நான் செவுருமா. சாஞ்சுக்கலாம், அழலாம், திட்டலாம். செவுரு எங்கயும் போய்ச் சொல்லாது. அதனாலதான் இத்தன வருஷம் நம்ம கடையில நிலைச்சு நிக்கிறேன்.

— அந்தச் செவுத்தத் தேடித்தான் வந்தேன். திவாகர்னு ஒருத்தர். ரெண்டு லோரி வச்சு செம்பனைக் குலை ஏத்துறாரு.

— திவாகரா? இங்க அவ்வளவா வர மாட்டாரே.

— கிளாஸ் துடைச்சிக்கிட்டே இருந்தீங்க. பேரச் சொன்னதும் ஏன் நிறுத்திட்டீங்க?

— துணி ஈரமாயிடுச்சுமா. நீங்க அவருக்கு என்ன வேணும்?

— தை மாசம் எனக்கும் அவருக்கும் கல்யாணம்.

— அடடே, அதச் சொல்ல வேண்டாமா? உக்காரு, குடிக்க இனிப்பா சிராப் போட்டுத் தரேன். போனை அந்தப் பக்கம் தள்ளி வை, கவுண்டர் ஈரமா இருக்கு.

— இங்கயே இருக்கட்டும். சிராப் வேணாம். அவரு குடிப்பாரா?

— வெறும் எலுமிச்சந்தண்ணி, லீமாவ் ஐஸ். அதுல கொஞ்சம் உப்பு. கூட்டாளிங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க, சிரிச்சிட்டே போயிருவாரு.

— கோவப்படுவாரா?

— சத்தமா ஒரு வார்த்த பேசிக் கேட்டதில்ல. வேலை விட்டா வீடு. தங்கமான பிள்ளைமா, கண்ண மூடிட்டுக் கட்டிக்கலாம்.

— அங்க செவுத்துல என்னண்ணே அவ்வளவு பெரிய கறை?

— ஸ்டவுட் பீரு பொங்கி அடிச்சிருச்சு.

— அவ்வளவு உயரத்துக்கா?

— பழைய சரக்குமா. அப்படித்தான் பொங்கும்.

— இப்ப சொன்னதெல்லாம் நெசம்தானே?

— நெசம்தான். நான் ஏம்மா உன்கிட்ட பொய் சொல்லப் போறேன்?

— உங்க குரல எனக்குச் சின்னப் பிள்ளையிலேர்ந்து தெரியும்ணே.

— உன்ன நான் பாத்ததே இல்லையே.

— என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. அப்பா இருக்காரான்னு கேட்டு எங்கம்மா இங்க போன் போடுவாங்க, நான் மடியில படுத்திருப்பேன். "அண்ணன் இன்னிக்கு வரலையேக்கா. கோயில் கூட்டத்துக்குப் போயிருப்பாரு." அதக் கேட்டா அம்மாவுக்கு நிம்மதி. கதவுக்குத் தாழ்ப்பா போட மாட்டாங்க, சோறு போட்டு மூடி வைப்பாங்க. அப்புறம் அப்பா குடிச்சிட்டு இங்கேர்ந்து வருவாரு. காலையில அம்மா வீக்கம் தெரியாம முகம் பூரா மஞ்சள அப்பிக்கிட்டு ரப்பர் பால் வெட்டப் போவாங்க. நீங்க உள்ளதச் சொல்லியிருந்தா எங்களைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து லயத்து வீட்டுக்குப் போயிருப்பாங்கண்ணே.

— நீ யாரு பொண்ணும்மா?

— தோட்டத்து மண்டோர் பக்கிரிசாமி மக. சாந்தினி.

— பக்கிரி அண்ணன் மகளா? அண்ணன் இங்க வர்றத விட்டே ரொம்ப வருஷமாச்சு. அக்கா நல்லா இருக்காங்களா?

— போயிட்டாங்க.

— எனக்குத் தெரியாதும்மா. யாரும் சொல்லல.

— நான் அழ வரலண்ணே. திவாகர் என்னை லோரியில வச்சு அறைஞ்சாரு. வாயெல்லாம் சாராய நாத்தம். அப்பாகிட்டச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. மண்டபம் பேசியாச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சுங்கிறாரு. நான் விடல. கடைசில அவரே ஒரு வழி சொன்னாரு. காளிதாசன் வாயால குடிகாரன்னு சொன்னா கல்யாணத்த நிறுத்திடுறேன், நல்லவன்னு சொன்னா நீ மறுபேச்சு இல்லாம கழுத்த நீட்டணும்னு. மாரியம்மன் கோயில்ல எரியிற சூடத்த அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன்.

— இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா.

— யாரு பொண்ணுன்னு சொல்லாமக் கேக்கணும், இதுவும் சத்தியத்துல சேத்திதான். தன் காதாலயே கேக்கணும்னும் சொன்னாரு.

— எப்படிக் கேப்பாரு?

— ஈரத்துல இருக்குன்னீங்களே, அந்தப் போன்லதான். நான் உள்ள வந்ததுலேர்ந்து அப்பா கேட்டுக்கிட்டிருக்காரு.

— கொண்டா அத, ஸ்பீக்கர்ல போடு. அண்ணே, பக்கிரி அண்ணே, நான் காளி பேசுறேன். நான் சொன்னது அம்புட்டும் பொய்ணே. வீட்டுலேர்ந்து எந்தப் பொம்பள வந்து கேட்டாலும் வாயில தானா அதுதான் வரும், பழகிப் போச்சு. செவுத்துல இருக்கிற கறை திவாகர் வீசுன கிளாஸ். இங்க சமைக்கிற மருதம்மாக்கா கைய முறுக்கி ஒடிச்சவன் அவன். ஆஸ்பத்திரில, வழுக்கி விழுந்துட்டாங்கன்னு நான்தான் சொன்னேன். தெளிஞ்சு இருந்து அவனைப் பாத்ததே இல்லண்ணே.

— ஏம்பா கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

— அப்ப நிறுத்திடுங்கண்ணே.

— இந்தா பாரு காளி. மொதல்ல என்ன சொன்னியோ அதுதான் பேச்சு. அவ கண்ணக் கசக்குனதும் மாத்திச் சொல்றதெல்லாம் கணக்குல வராது. பஸ்ஸு போயிறப் போவுது, அவள அனுப்பி வை.

— கண்ணக் கசக்கலப்பா. அவரு உண்மையச் சொல்றாரு.

— அண்ணே, இந்தக் கவுண்டர்ல நின்னு குடிச்ச ஆளு நீங்க. நான் எப்படிப் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்பா. அதனாலதான் இந்த ஊர்ல வேற யாருகிட்டயும் அனுப்பாம, அவள உன்கிட்ட அனுப்புனேன்.