இரும்பு வாத்தியாரின் மீதிப் பாதி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் கனத்த மனத்தோடு அமர்ந்திருக்கும் சக ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் இருக்கும் வாத்தியாரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, சனிக்கிழமை தோறும் விவாதம் கேட்க மாடியறைக்கு வந்து வாத்தியாரையும் என்னையும் சகித்துக்கொண்ட நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

வரலாற்றுத் துறையின் முன்னாள் தலைவர், பேராசிரியர், நம் இரும்பு வாத்தியார் போய்விட்டார். அவரைப் புகழ இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்? நான் அவருக்கு எதிர்க்கட்சி அல்லவா! பக்கத்து மேசையில் உட்கார்ந்து பொருளாதாரம் நடத்த வந்த நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் நான் லேசில் ஒத்துக்கொண்டதே இல்லை.

எதற்காக அந்தச் சண்டை? பதவி உயர்வுக்கா? பாகப்பிரிவினைக்கா? இல்லை, ஐயா! ஏர் பிடித்துக்கொண்டிருந்த சோவியத் நாடு பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் எஃகு வார்க்கும் நாடானது எப்படி என்பதற்காக! மத்தியத் திட்டம்தான் காரணம் என்பார் அவர். திட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்பேன் நான். கிராமத்தின் வயிற்றில் அடித்துத் தானியத்தைப் பிடுங்கினார்கள், அதை விற்று வெளிநாட்டு இயந்திரம் வாங்கினார்கள், ஊரில் பிழைக்க வழியற்றவன் ஆலைக்கு ஓடினான், அவ்வளவுதான் சங்கதி என்பேன். எஃகைப் பேசிய அவருக்கு இரும்பு வாத்தியார் என்று பெயர்; எனக்கு அவர் வைத்த பெயர் தானியம். நான் படியேறும் சத்தம் கேட்டாலே, "வாய்யா தானியம், இன்னைக்காவது திருந்துவியா?" என்று குரல் வரும்.

சைக்கிள் கடை மாடியில் இருக்கிறது அந்த அறை. கீழே டியூப்புக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே கடகடக்கும் மின்விசிறி, ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு மர நாற்காலி. அங்கே அவர் ஒரு விதி வைத்திருந்தார். எதிராளியை மறுக்க வேண்டுமா? முதலில் அவன் வாதத்தை அவனைவிட நன்றாக நீ எடுத்துச் சொல். அவன் வாயால் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று வரட்டும். அதற்குப் பிறகு உன் வாதத்தைத் தொடங்கு. இந்த விதி எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமா? டீ கொண்டுவருகிறவர் ஒருநாள் என்னை ஓரமாக அழைத்து, "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ஒருமுறை என் வாதத்தை அவர் எடுத்துச் சொன்னார். தானியம் ஏற்றிய வண்டி ஊரைவிட்டுப் போவதையும், விதைத் தானியம்கூட மிஞ்சாத வீட்டையும் சொன்னார். எனக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. கடைசியில் யார் பக்கம் சரி என்று கை தூக்கச் சொன்னபோது அத்தனை கையும் என் பக்கம்! தன் வாயாலேயே தோற்றுவிட்டு, "பாத்தியாய்யா, உன் வாதத்தைக்கூட நான்தான் ஜெயிக்க வைக்க வேண்டியிருக்கு" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார். அப்படி ஒரு மனிதரை இனி எங்கே போய்த் தேடுவேன்?

இன்னொரு நாள் அவர் தன் பக்கத்தைப் பேசினார். துணி ஆலைக்குப் போகவிருந்த பணத்தை இயந்திரம் செய்யும் ஆலைக்குத் திருப்பிய கதை, வெட்டவெளியில் உருக்கு நகரம் எழுந்த கதை. ஒரு மாணவர் உற்சாகத்தில் விசிலடித்துவிட்டார். வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "நான் காரணத்தைச் சொல்றேன்யா, நியாயம்னு எப்ப சொன்னேன்? அங்க பட்டினியில செத்திருக்காங்க. நீ விசிலடிக்கிற!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மூக்கில் குழாய். அவரைத் தேற்ற எனக்கு வேறு என்ன தெரியும்? அவருடைய வாதத்தையே எடுத்துச் சொன்னேன். எஃகை எந்த ஆலைக்குத் தருவது என்று ஓரிடத்தில் இருந்து முடிவு செய்தார்கள், நேற்று வரை கலப்பை பிடித்தவனுக்கு மாலைப் பள்ளியில் எழுத்தும் கடைசல் இயந்திர வேலையும் கற்றுக்கொடுத்தார்கள், அந்த முடிவு இல்லாவிட்டால் நகரத்துக்கு வந்த கூட்டம் வெறும் கூட்டம்தான் என்று சொன்னேன். "ஆமா" என்பார் என்று காத்திருந்தேன். தலையை ஆட்டி மறுத்தார். "பாதிதான்யா சொன்ன. மீதியை யோசிச்சு சனிக்கிழமை வந்து சொல்லு" என்றார்.

இன்று சனிக்கிழமை. வாத்தியாரே, வந்திருக்கிறேன். யாரிடம் சொல்வேன்?

பெரியோர்களே, மனம் தாங்காமல் சொல்கிறேன். இந்த மீதிப் பாதி என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. பட்டினி என் பக்கத்துச் சாட்சி என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அதனால்தான் அவர் வாதத்தைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டேன். அவர் விட்டாரா? விசிலடித்தவரை அதட்டிய அன்றே அதைச் சொல்லிவிட்டாரே! திட்டம்தான் காரணம் என்று ஒருவன் சொன்னால், ஆலை எழுந்ததற்கும் அதுதான் காரணம், அடுப்பு அணைந்ததற்கும் அதுதான் காரணம். பெருமையை எடுத்துக்கொண்டு பழியை வானத்தின் மேலும் மழையின் மேலும் போட முடியாது. செத்தவர்களை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பக்கத்துக்கும் உரிமை இல்லை! இதுதான் அவருடைய மீதி. அண்ணி, நாங்கள் பேசியதையெல்லாம் வீட்டில் அவர் வாயால் மறுபடியும் கேட்டவர் நீங்கள். நான் சொன்னது சரிதானா?

என்ன அண்ணி? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

"ஆமா தம்பி. அதைத்தான் சொன்னார்."

போதும், அண்ணி. எனக்கு இது போதும்.

அவர் போன பிறகு மாடியறையைப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பூட்டமாட்டோம்! இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை நான் அவருடைய நாற்காலியில் உட்காருவேன். அவர் வாதத்தை, இரண்டு பாதியையும் சேர்த்து, என் மூச்சு உள்ளவரை பேசுவேன். எதிரே தானியத்தின் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் உட்கார்ந்து என்னைத் தோற்கடிக்க உங்களில் யார் வருகிறீர்கள்?