வெந்தயத்துல என்னா சீனி

...சீனின்னா சீனிதாம்மா, அதுல என்னா நல்ல சீனி, கெட்ட சீனி? நீங்களே சொல்லுங்க. எம்மருமக தாமரை இருக்காளே, ஷா ஆலம்ல யூனிவர்சிட்டி போயி சாப்பாட்டப் பத்திப் படிச்சிருக்கா. சாப்பாட்டப் பத்தி. சோறு வடிக்கத் தெரியாது, அது வேற கத.

இதோ பக்கத்துல ஒக்காந்திருக்காரே, எங்க வீட்டுக்காரரு. போர்ட் கிள்ளான்ல லோரி ஓட்டுறாரு. இனிப்புநீர், அதான் சக்கர வியாதி. போன தடவையே இந்தக் கிளினிக் டாக்டர் சொல்லிட்டாரு, இன்னைக்கும் கொறயலன்னா ஊசிதான்னு. ஊசி போட்டா லோரி ஓட்ட விடுவாங்களோ என்னமோ... அந்தக் கவலையிலயே பாதி ஆளாயிட்டாரு. எனக்கும் பயமாத்தான் இருக்கு.

சரி, வெந்தயம் ஊறவச்சுக் குடுக்கலாம்னு பாத்தா, இவ வந்து வியாக்கியானம் பேசுறா. "அத்த, ஊறுனா கொழகொழன்னு வருதுல்ல, அதுவும் சீனிதான். சங்கிலியாட்டம் கோத்திருக்கும். எந்தச் சீனியால கோத்திருக்குங்கறதுதான் முக்கியம். இத நம்ம ஒடம்பு செரிக்காது. மத்த சீனி ரத்தத்துல சேர்றதையும் மெதுவாக்கும்"னா. மெதுவாக்குமாம். வெந்தயமா அது, ஃபெடரல் ஹைவே ஜாமா?

அதுவும் சீனின்னு அவ வாயாலயே சொல்லிட்டா. பொறவு நான் சும்மா இருப்பேனா? ஊறுனத வடிகட்டி, பைப்புல காட்டி அலசி, அந்தக் கொழகொழப்பு துளி இல்லாம எல்லாத்தையும் சிங்க்ல ஊத்திட்டுத்தான் கொதிக்க வச்சுக் குடுக்குறேன். படிக்காதவன்னா மூள இல்லன்னு நெனப்பு அவளுக்கு.

கசக்குதுன்னாரு இவரு. பாவம், மனுஷன் எத்தன நாளைக்குத்தான் கசப்பையே குடிப்பாரு? வெள்ளச் சீனிய நான் கையால தொடமாட்டேன்லா. குலா மெலாக்காதான், தென்னங்கருப்பட்டி. ஜெஞ்சாரோம்ல எங்க நாத்தனாரு வீட்டுப் பக்கம் காச்சுறது, சுத்தமானது. ரெண்டு கட்டி தட்டிப் போடுவேன். செடியில உள்ள சீனி ஒன்னும் செய்யாதுன்னு அவதானே சொன்னா? தென்ன மரம் மட்டும் என்னா, ஃபேக்டரியிலயா மொளைக்குது?

அப்படியும் ஏறிக்கிட்டேதாம்மா இருக்கு. எல்லாம் அவ நாக்கு. நல்லது செய்யறப்ப குறுக்க பேசுனா எப்படிப் பலிக்கும்?

இன்னைக்கும் ஃபிளாஸ்க்ல கொண்டாந்திருக்கேன். ரத்தம் எடுக்கக் கூப்புடறதுக்குள்ள இன்னொரு கப் குடிச்சுட்டாருன்னா கொஞ்சமாவது எறங்கும்ல... இந்தாங்க, நீங்களும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. கசக்கவே கசக்காது.

என்னாம்மா, மொகம் ஏன் இப்படிப் போகுது?

அட... அவரு கையில இருக்கற கப்ப எதுக்கு வாங்குறீங்க? ஏங்க, அவங்க கேட்டா நீங்க பாட்டுக்குக் குடுத்துடறதா?